சிமெண்டுத் தரை

தொண்ணூற்றேழு செப்டம்பர். லூபோக் சீனா பக்கம் ரப்பர் காட்டுக்குப் பின்னால் பற்றிய தீ, மண்ணுக்கடியில் ஊர்ந்து தோட்டத் தொழிலாளர் லயத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர் வீடு தெரியாத புகை. காலையில் ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று வந்து, "பிண்டா செமந்தாரா" என்று மலாயில் அறிவித்துவிட்டுப் போனது. தற்காலிகமாக இடம் மாறுங்கள் என்று அர்த்தம். பின்னாலேயே லோரி வந்தது. வந்த மாதிரியே காலியாகத் திரும்பியது.

லயத்துக் காதில் அது 'சிமெண்டுத் தரை' என்று விழுந்திருந்தது. பிண்டா என்றால் இடம் மாறுவது என்று அவர்களுக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தை அப்படிச் சொல்லித்தான் காலி செய்தார்கள். கட்சிக் கிளைத் தலைவர் தம்புசாமிக்கு மலாய் தண்ணி பட்ட பாடு. ஆனால் அவரே கோயில் வாசலில் நின்று முழங்கினார்: நிவாரணமெல்லாம் கண்துடைப்பு, நம்மைக் கிளப்பிவிட்டு லயத்தை இடித்துச் சிமெண்டுத் தரை போட்டு ஃபேக்டரி கட்டப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கிளைத் தேர்தல்.

பத்து பெரண்டாம் ஊர் ஃபேக்டரியில் வேலை முடிந்து வந்த தேவமலருக்கு, விஷயத்தைக் கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது. வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்ததும் அது செத்தது. இளைப்பு நோய்க்காரரான அப்பா நாகமுத்து, கதவைத் தாழிட்டு முதுகால் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். மூச்சு விசிலடித்தது. அவள் அந்த வார்த்தையைப் பிரித்துப் பிரித்துச் சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

"நீ ஃபேக்டரிக்காரன் சம்பளம் வாங்குறவ. அவன் பேச்சத்தான் பேசுவ. தலைவரு வந்து சொல்லட்டும், வரேன்."

ஓடினாள். தம்புசாமி கைலியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, ஒரு வார்த்த வந்து சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"இப்பப் போயி நான் சொன்னது தப்புன்னா, எவன்லா எனக்கு ஓட்டுப் போடுவான்? ஞாயித்துக்கிழம போகட்டும்மா."

"அதுவரைக்கும் அவருக்கு மூச்சு இல்ல மாமா."

சொல்லிவிட்டுக் காலில் விழுந்தாள். அவர் சட்டை மாட்டிக்கொண்டு, தலைசீவிக்கொண்டு கிளம்பினார். ஜன்னலருகே குனிந்து, அக்கம்பக்கம் கேட்காத குரலில் பேசினார்.

"அண்ணே, வீடு எங்கயும் போகாது. நெருப்பு அணைஞ்சதும் திரும்பி வந்துரலாம்."

உள்ளே விசில் சத்தம் இல்லை.

ஆட்கள் தாழ்ப்பாளை உடைத்தார்கள். கதவு திறக்கவில்லை. தள்ளத் தள்ள, உயிர் போன பிறகும் நாகமுத்து வீட்டைக் காத்துக்கொண்டிருந்தார்.

லோரி மறுபடி வந்தபோது லயமே வாசலில் திரண்டிருந்தது. தம்புசாமி துண்டால் கண்ணைத் துடைத்தார். உதவி நேரத்துக்கு வந்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார், நம்ம ஆட்கள் என்றால் இவர்களுக்கு இளக்காரம் என்று தொடங்கினார். சிலர் தலையாட்டினார்கள்.

அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்த தேவமலர் நிமிர்ந்தாள்.

"லோரி காலையிலயே வந்துச்சு மாமா. அப்பாதான் ஏறல. உங்கள நம்புனாரு."

பக்கத்து வீட்டுக் கருப்பாயி முதலில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு லோரிக்கு நடந்தாள். ஒவ்வொரு வீடாகப் பின்னால் போனது. போகும்போது எல்லோரும் நாகமுத்துவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.