கழுவிய தொட்டி

விஜயதசமி காலை கீழ்பென்னாத்தூர் எல்லையிலிருந்த தன் ஜவ்வரிசி மில்லுக்குள் குமரேசன் நுழைந்தபோது, கேஸ் தொட்டி பளபளவென்றிருந்தது. அதன் இரும்பு மூடிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. மாப்பிள்ளைக் கோலம்தான்.

மரவள்ளிக்கிழங்கு அரைத்த தண்ணீர் ஓடையில் இறங்கி ஊர்க் கிணறுகளைக் கெடுத்துவிட்டதென்று மனுமேல் மனு போயிருந்தது. வரும் வியாழக்கிழமை அதிகாரி வருவார். அந்தத் தண்ணீரும் சக்கையும் தொட்டிக்குள் போய் எரிவாயுவாவதைக் கண்ணால் பார்த்தால் மில் ஓடும், இல்லையென்றால் சீல். நாற்பது பெண்களின் பிழைப்பு ஒரு அடுப்பு எரிவதில் இருந்தது. அதை எரியவைக்க மூன்று மாதம் சாணம் கரைத்து ஊற்றி, சுண்ணாம்பு போட்டு, பச்சைப் பிள்ளையைப் போலத் தொட்டியைப் பார்த்துக்கொண்டான் குமரேசன்.

தொட்டி வேலை பார்க்கும் பாஞ்சாலை முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"எப்டி இருக்குதுண்ணா? நேத்து நானும் எங்க ஊட்டுக்காரரும் வந்து, அடி வால்வத் தொறந்து அந்தக் கறுப்புச் சேத்த மொத்தமா எறக்கிட்டோம். ரெண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர் போட்டு அலசினோம். நாத்தமே இல்ல பாருங்க. அப்புறந்தான் படைச்சோம்."

குமரேசன் அடுப்பைத் திருகித் தீக்குச்சி கிழித்தான். குச்சி விரல்வரை எரிந்து அணைந்தது.

அந்தக் கறுப்புச் சேறுதான் தொட்டியின் உயிர். அதிலிருக்கும் நுண்ணுயிர்கள்தான் கேஸ் தருகின்றன என்று அவன் யாருக்கும் சொன்னதில்லை. தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று மட்டும் தினம் நூறு தடவை சொல்லியிருந்தான். பாவி மனுஷி, சொன்னதைத்தானே செய்திருக்கிறாள், அதுவும் லீவு நாளில் வந்து! யாரைத் திட்டுவது?

விஷயத்தைச் சொன்னான். பாஞ்சாலை மாலையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"திரும்ப சாணி கரைச்சு ஊத்தலாமேண்ணா."

"ஊத்தலாம். எரிய மூணு மாசம் ஆவும்."

கேட்டில் காலை வேலைக்கு வரும் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. பாஞ்சாலை சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தான் கழுவினேன்னு அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணா. அதே ஊர்லதான் நான் இருக்கணும்."

"சொல்லமாட்டேன்" என்றான். அவளுக்குக் கொடுக்க அவனிடம் வேறெதுவும் இல்லை.