வால் முளைத்த மணிகள்

1.
இந்தக் கதை எனக்குக் கதவிடுக்கில் கிடைத்தது. மூட்டை இறக்கப் போன ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் மேசைமேல் ஏறி நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். படித்தவர்கள் மேசைமேல் ஏறுவார்களா என்ன? விசாரித்தேன். கிடைக்காததைப் புனைந்துகொண்டேன்.

2.
தொடக்கம்: "விஞ்ஞானம் மனித குலத்துக்கு—"

வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

மறுபடி: அவள் தம்பிக்குக் கை வெந்துபோயிருந்தது. சலவைக் கடையில் நீராவி அடித்துவிட்டது. கட்டு மாற்றும்போதெல்லாம் துணியோடு தோலும் உரிந்து வரும். அவன் போடும் கூச்சலில் வார்டே எழுந்து உட்காரும்.

அதற்காகத்தான் அவள் கடற்பாசி மாவைக் கரைத்து, மருந்து கலந்து, ஊசி வழியே கால்சியம் உப்பு நீரில் சொட்டவிட்டாள். விழுந்த துளி அப்படியே உறைந்து வழவழ மணியாகும். கடுகை நாலாக்கினால் எவ்வளவோ அவ்வளவு. புண்ணில் பரப்பினால் துணி ஒட்டாது, மருந்தும் மெல்லக் கசியும்.

(எழுதி முடிப்பதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. மூட்டையே தேவலை.)

3.
ஆனால் மணிகளுக்கு வால் முளைத்தது. தட்டு நிறையத் தலைப்பிரட்டைகள். வால் பிய்ந்தால் மருந்து மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டிவிடும். உருண்டையாக வந்தால்தான் போடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தம்பி போனில் கேட்டான்: "என்னக்கா, மருந்து கேட்டா தவளைக்குஞ்சு வளக்கிறியாமே?"

"பேசாம கிட. இல்லேன்னா உன் கையிலயே குளம் வெட்டிடுவேன்."

(இந்த இடத்தில் அவளை அழவைத்துப் பார்த்தேன். மாட்டேன் என்றுவிட்டாள்.)

ஊசி நீருக்கு மிகக் கிட்டத்தில் இருந்தது. துளி உருண்டு திரள்வதற்குள் நீரில் முட்டிக்கொண்டது. ஊசியை உயர்த்தும் திருகோ அதைத் தாங்கி நின்ற தண்டின் உச்சியில். எட்டவில்லை. ஏறிவிட்டாள் மேசைமேல். திருகினாள், குனிந்து பார்த்தாள். வால் குட்டையாகியிருந்தது. இன்னும் திருகினாள். உருண்டை. அடுத்ததும் உருண்டை. அதற்கடுத்ததும்! அந்தச் சிரிப்பைத்தான் நான் பார்த்தேன்.

4.
டாக்டர் பார்த்தார், தலையாட்டினார், மணிகளைப் புண்ணில் பரப்பிக் கட்டினார். இனி முடிவு.

ஒன்று: கட்டு அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் அவன் குறட்டை— ரொம்பத் தித்திக்கிறது. அடித்துவிட்டேன்.

இன்னொன்று: அவன் அலறிய— கை ஓடவில்லை.

ஆகவே இப்படி நிறுத்துகிறேன். அடுத்த கட்டு மாற்றும் நேரம். நர்ஸ் துணியின் நுனியைப் பிடித்திருக்கிறாள். அக்கா தம்பியின் நல்ல கையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

"வலிச்சா சொல்லுடா."

"இந்தக் கைதான்கா வலிக்குது. விடு."

நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நுனியை உங்களிடம் தருகிறாள். பிடியுங்கள். மெதுவாக.