பௌர்ணமிக்கான மாவு

ஜோதியம்மாளின் கொட்டகையில் ஒரு பிடி அரிசியை ஊறவைத்தாலும் விடிவதற்குள் பௌர்ணமி அளவுக்கு இட்லி மாவு பொங்கியது. அமாவாசையிலும் அப்படித்தான். ட்ரம்மைத் தாண்டி, வாசலைத் தாண்டி, செங்கம் சாலையின் ஓரம் வரை வெள்ளையாக வந்து நிற்கும். உளுந்தைக் குறைத்துப் பார்த்தாள், ட்ரம்மையே மாற்றினாள், மாவு குறையவில்லை.

மாவுத் தொழிலில் அரைப்பது சுலபம். மதியம் ஊறவைத்தது மறுநாள் காலையில்தான் கடைக்குப் போகும். நடுவில் யார் நினைத்தாலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதனால் நாளைய தேவை என்ன என்ற சேதி, அரிசி தண்ணீரில் விழும் முன்பே வந்தாக வேண்டும். மலை சுற்றும் கூட்டம் பௌர்ணமியன்று பல மடங்கு கேட்கும், மறுநாளே வடிந்துவிடும். ஜோதியம்மாள் அரைக்க, கணவன் சடையன் லோடு ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தான். திரும்பி வந்ததும் ட்ரம்மைத் தட்டிச் சொல்வான்: "ஆசிரமம் பக்கம் வெள்ளைக்காரங்க கெளம்பிட்டாங்க, கம்மி பண்ணு. அடி அண்ணாமலைல கொஞ்சம் மிச்சம்." அதைக் கேட்ட பிறகே அவள் அரிசி அளப்பாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள், "நாளைக்குப் பௌர்ணமி, ஜாஸ்தியா போடு" என்றான். மறுநாள் கிரிவலப் பாதையில் கடைசிக் கடைக்கு மாவை இறக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உடலை மருத்துவமனையிலிருந்து நேராக அவன் பிறந்த கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். கொட்டகைக்கு வந்து ட்ரம்மைத் தட்டிச் சேதி சொல்ல யாரும் இல்லை. காரியம் முடிந்து திரும்பிய ஜோதியம்மாள், கேட்டவர்களிடமெல்லாம் "மாவு போட லைனுக்குப் போயிருக்காரு" என்றே சொன்னாள்.

ஆட்டோவை சடையனின் தங்கை மதிவதனி எடுத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் காலி ட்ரேக்களை வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள். மாவு தினமும் பௌர்ணமி அளவுக்கே பொங்கத் தொடங்கியது அப்போதுதான்; மிஞ்சியது புதியதோடு கலந்து புளித்தது. கடைகள் ஒவ்வொன்றாக மாவு வாங்குவதை நிறுத்தின. அடி அண்ணாமலையில் டிபன் கடை வைத்திருக்கும் சக்கரபாணி மட்டும் மிச்சம். அவர் விட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான். "இன்னா மதி, உங்க கொட்டாய்ல தெனமும் பௌர்ணமியா? புளிச்ச மாவ இனிமே எறக்காத. இந்த வாரம் பாக்கறேன், அவ்ளோதான்" என்றார்.

அன்று மதிவதனி உள்ளே வந்தாள். "அண்ணி, பௌர்ணமி முடிஞ்சிடுச்சுனு இந்த மாவுக்கு யாரு சொன்னாங்க?"

"அவருதானே வந்து சொல்லணும்."

"அவரு வரமாட்டாரு அண்ணி."

ஜோதியம்மாள் எழுந்தாள். ட்ரம்மைத் தட்டினாள். "பௌர்ணமி முடிஞ்சிடுச்சு. எல்லாம் வித்துப்போச்சு. அவரு செத்துட்டாரு." மாவு ஒருமுறை மூச்சுவிட்டு அடங்கியது.

சக்கரபாணி மாவை நிறுத்தவில்லை, விட்ட கடைகளும் திரும்பின. இப்போது மதிவதனி திரும்பியதும் ட்ரம்மைத் தட்டி, எந்தக் கடையில் எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று சொல்கிறாள். அதன் பிறகே அரிசி நனைகிறது. மாவு சொன்ன அளவுக்குத்தான் பொங்குகிறது. சடையனுக்கென்று ஓர் ஆள் சாப்பிடும் இட்லிக்கு மட்டும் தினமும் கூடுதலாக வருகிறது. அதற்கேற்ப ஒரு பிடி அரிசியைக் குறைத்து நனைக்கிறார்கள்.