இடக்கைக் கருக்கு

கிணற்றுச் சேற்றில் வந்த அந்த இரும்பு லாடமா கொக்கியா என்றே முதலில் தெரியவில்லை. கிணறு, சடையப்பனின் பெண்டாட்டி தம்பி அய்யனாருடையது. மகள் கனிமொழிக்கு அவன்தான் மாமனார். அவன் கண் ஆபரேஷனுக்குக் கடலூரில் படுத்திருந்தபோது கனிமொழியின் புருஷன் தூர்வார ஆள் விட்டான். அந்தச் சேற்றைத் தென்னைக்கென்று கேட்டு வாங்கி வந்தார் சடையப்பன். வீடு திரும்பிய அய்யனார் பாதியிலேயே வேலையை நிறுத்திவிட்டான்.

இரும்பை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, புளியும் செங்கல் தூளும் வைத்துத் தேய்த்தார். துரு செதில்செதிலாக உதிர்ந்தது. வளைவும் பல்லும் தெரிந்தன. நெல்லறுக்கிற கருக்கரிவாள். வேம்பில் பிடி செதுக்கி, காம்பைப் பழுக்கக் காய்ச்சி இறக்கினார். வரப்பில் உட்கார்ந்து புல்லைப் பிடித்து இழுத்தால் வழுக்கியது. அரம் போட்டும் வழுக்கியது.

"எவன்டா இத அடிச்சான், கண்ணு அவிஞ்ச பய!"

வேர்வை துடைக்க இடக்கைக்கு மாற்றினவர் சும்மா ஒரு இழுப்பு இழுத்தார். புல் சரக்கென்று வந்தது. பல் மறுபக்கம் வெட்டியிருந்தது.

ஊரில் இடக்கையால் அறுத்தவன் ஒருத்தன்தான், அவர் தம்பி சுப்பிரமணியன். அந்தக் கிணற்றுப் பங்குக்காக அய்யனாரோடு மல்லுக்கு நின்ற வருஷம், அறுப்புக்குக் கேரளா போனவன் திரும்பவில்லை. சிதம்பரத்தில் நானே பஸ் ஏற்றிவிட்டேன் என்று அய்யனார் சொன்னான். எவனையும் நம்பாத சடையப்பன் அந்த ஒரு சொல்லை நம்பிவிட்டார். அறுக்கப் போகிறவன் அரிவாளைக் கிணற்றிலா போட்டுவிட்டுப் போவான்?

எழுந்து அரிவாளோடு நேரே மகள் வீட்டுக்குப் போனார். அய்யனார் கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தான். வாசலில் செம்மண் லாரி.

"இது யாருதுன்னு தெரியுதாய்யா?"

"பழைய இரும்பு. எடைக்குப் போடுங்க மச்சான்." கையில் வாங்கவில்லை.

"புடிச்சுப் பாரு."

"வேல கெடக்கு. போர் போட்டாச்சு, கெணத்த மூடிடலாம்னு இருக்கேன்."

"பாதி சேறு உள்ளயே இருக்கே?"

"இருந்துட்டுப் போவுது. ஒங்க பொண்ணு நல்லாத்தான் இருக்கா இங்க. இல்லியா?"

சடையப்பன் அரிவாளைக் கீழே இறக்கினார். மகள் நாளைக்கும் இந்த அடுப்பில்தான் சோறு பொங்க வேண்டும். லாரி கிணற்றைப் பார்த்து ரிவர்ஸில் வந்தது. அவர் போய்க் கிணற்று விளிம்பில், காலை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்தார்.

"அப்பா, ஏந்திரிப்பா. எல்லாரும் பாக்குறாங்க. மாமா வேற கோவமா நிக்கிறாரு," என்று ஓடிவந்தாள் கனிமொழி.

அவர் அசையவில்லை. லாரியின் தொட்டி மெல்ல உயர்ந்தது. முதல் கட்டி உருண்டு, அவர் தோளை உரசிக்கொண்டு இருட்டுக்குள் விழுந்தது. கீழே சேறு அதை மெதுவாக விழுங்கிய சத்தம் கேட்டது.