மூன்றாம் அங்கத்துச் சுங்க அதிகாரி

1932 மார்ச்சில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துச் சிறிய நாடக அரங்கு ஒன்று சினிமாக் கொட்டகையானது.

அதுவரை அங்கே ‘குடை இளவரசி’ என்ற ஆபரெட்டாவில், அதாவது பாட்டு நிறைந்த வேடிக்கை நாடகத்தில், அலோய்ஸ் வோந்த்ராக் குடிகாரச் சுங்க அதிகாரியாக வருவார். அவருக்குப் பாட்டு கிடையாது. முதல் இரண்டு அங்கங்களும் ஆடி முடியும்வரை எதிர்க் காபிக் கடையில் சீட்டாடுவார். மூன்றாம் அங்கத்தில் மேடையேறி மேயரையும் டிராம் வண்டியையும் வம்புக்கு இழுப்பார். கூட்டம் சிரிக்கும்வரை ஒரே வசனத்தை நீட்டுவார். சிரித்த பிறகுதான் அடுத்த வரி. எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசுகிறவனை அந்தத் தொழிலில் யாரும் மதிப்பதில்லை.

அரங்கு மூடிய பிறகு, அதே நாடகத்தை வியன்னாவில் பேசும்படமாக எடுத்தவர்கள் அதே வேடத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். சரியாகச் செய்தால் வருஷ ஒப்பந்தம்.

“இது கெடைக்கலன்னா எங்கண்ணன் தொப்பிக் கடைதான், ஞாபகம் இருக்கட்டும்” என்றாள் மனைவி ஹெர்மினே.

“உங்கண்ணன் மூஞ்சிய நெனச்சாலே நடிப்பு தானா வரும்டி.”

இயக்குநர் ராட்கே பெர்லின்காரர்; பெர்லின்காரர்களுக்குச் சிரிக்கத் தெரியாது என்பது ஆஸ்திரியாவில் பேச்சு. “மூணே வரி. இளவரசி ரயில் எல்லையில நிக்குது. பெட்டியத் தெறக்கச் சொல்றீங்க, தும்முறீங்க, முத்திரை குத்துறீங்க. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது, ஹெர் டைரக்டர்.”

படப்பிடிப்பு தொடங்கும் மணி அடித்தது. வோந்த்ராக் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் அசையவில்லை. அப்படி ஒரு மௌனத்தை அவர் எந்த ஊரிலும் சந்தித்ததில்லை. மேயரைச் சேர்த்தார். மௌனம். டிராமைச் சேர்த்தார். மாமியாரையும் சேர்த்தார். விளக்குக்காரர் ஒருவர் கழுத்துத் துணியை வாயில் திணித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். பல்வலி போலும் என்று வோந்த்ராக் நினைத்துக்கொண்டார். வியர்த்தது. விடவில்லை. படச்சுருள் தீர்ந்து கேமரா நின்றது.

மொத்தக் கூட்டமும் வெடித்துச் சிரித்தது. வோந்த்ராக் நிம்மதியாகத் தும்மிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

“ஏன்யா நிறுத்தவே இல்ல?” என்றார் ராட்கே.

“யாருமே சிரிக்கலையே, ஹெர் டைரக்டர்.”

“சிரிச்சா அதுவும் பதிவாயிடும்யா! அதான் வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க.”

“அப்ப, போதும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நான் கையக் காட்டுறேன்.”

“நீங்க பெர்லின்காரராச்சே. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

இரண்டாம் முறை, சிரிப்பு வராது என்று தெரிந்தே பேசினார். தெரிந்தும் காத்திருந்தார். ராட்கே கையைக் காட்டினார், பிறகு இரண்டு கைகளையும் காட்டினார். அந்தச் சுருளும் தீர்ந்தது.

படம் செப்டம்பரில் வெளிவந்தது. அதில் இளவரசியின் ரயில் எல்லையில் சுங்கச் சோதனைக்கு நிற்காமலே போகிறது. வோந்த்ராக்குக்கு ஒப்பந்தம் கிடைக்கவில்லை.