கதவைப் பிடித்திருந்தவர்

சிறீஸ்கந்தராசாவுக்குப் பழைய சிறைத்தீவான அல்கட்ராஸுக்குப் போக விருப்பமே இல்லை. மருமகன் முகுந்த்தான் டிக்கெட் எடுத்திருந்தான். சென்னைக்காரன், சான்டா கிளாராவில் வேலை, சிறை உடைப்புக் கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மறுத்தால் காரணம் கேட்பான். அந்தக் காரணத்தை அவர் மனைவி இந்திராதேவியைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. எண்பத்து மூன்றில் அப்பா கொழும்பில் கொஞ்சக் காலம் உள்ளே இருந்தார் என்பது வரைக்கும்தான் மகள் தர்சனாவுக்கே தெரியும்.

படகில் தர்சனாவுக்கும் அவருக்கும் நடுவே உட்கார்ந்து முகுந்த் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான்.

"மூணு பேர் மாமா, சிக்ஸ்ட்டி டூல. போர்வைக்குள்ள பொம்மைத் தலைய வெச்சுட்டு, மழைக்கோட்டெல்லாம் ஒட்டி ராஃப்ட் செஞ்சு எஸ்கேப் ஆனாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு தகவல் இல்ல."

"கடல் விழுங்கியிருக்கும்" என்றார் அவர்.

சிறைக்கூடத்துக்குள் நுழைந்ததும் ஈரச் சிமெண்டும் துருவும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. மூன்று அடுக்காகக் கம்பி அறைகள். தொப்பி வைத்த உயரமான வழிகாட்டிப் பெண் கூட்டத்தை நிறுத்தி, நாற்பத்தாறாம் ஆண்டு மே மாதக் கதையைச் சொல்லத் தொடங்கினாள்.

கைதி ஒருவன் உடம்பை இளைக்க வைத்து, காவல் மாடத்தின் கம்பிகளை வளைத்து, அந்த இடுக்கு வழியே நுழைந்து காவலரை அடித்து வீழ்த்தித் துப்பாக்கியை எடுத்தான். கூட்டாளிகளோடு சேர்ந்து மற்றக் காவலர்களையும் பிடித்து இரண்டு அறைகளில் அடைத்தான். ஆனால் முற்றத்துக் கதவின் சாவியைக் காவலர் ஒருவர் ஒளித்து வைத்துவிட்டார். கதவு திறக்கவில்லை. அத்தனை பாடும் வீண். அந்த ஆத்திரத்தில் கூட்டாளி ஒருவன் கம்பிக்கு வெளியே நின்றபடியே, உள்ளே அடைபட்டிருந்தவர்களைச் சுட்டான். சிலர் செத்தவர்கள் போலக் கிடந்து தப்பினார்கள். பிறகு கடற்படையினர் கூரையைத் துளைத்து உள்ளே குண்டுகளைப் போட்டார்கள்.

"சூப்பர்ல?" என்றான் முகுந்த்.

அவர் அந்தக் கம்பிகளையே பார்த்தார். கம்பிக்கு உள்ளே ஓட இடமில்லாமல் நிற்கும் மனிதர்கள், வெளியே ஆயுதத்தோடு ஒருவன். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை.

வழிகாட்டி, கதவுகள் எப்படி மூடும் என்று காட்டப் போவதாகச் சொல்லி, விரும்பியவர்களை உள்ளே போகச் சொன்னாள். முகுந்த் அவர் கையைப் பிடித்தான்.

"வாங்க மாமா. ஒரு போட்டோ, அவ்ளோதான்."

"வேண்டாம் தம்பி. நான் வெளியிலை நிக்கிறன்."

"ரெண்டே நிமிஷம் மாமா!" என்று சிரித்துக்கொண்டே இழுத்துப் போனான். கூட்டத்தின் முன்னால் கையை உதறிக்கொள்ள அவருக்குக் கூச்சமாக இருந்தது.

கோடியில் வழிகாட்டி நெம்புகோலை இறக்கினாள். வரிசை முழுக்கக் கதவுகள் ஒரே நேரத்தில் ஓடி வந்து மோதின. இடி விழுந்தது போல் கட்டடம் அதிர்ந்தது. வெளியே நின்றவர்கள் ஓவென்று கத்திக் கைதட்டினார்கள். போன் பிடித்த கைகள் கம்பிகளுக்கிடையே நீண்டன.

அவர் கண்ணில் போன்கள் தெரியவில்லை. பொல்லுத் தடிகள் தெரிந்தன, கத்திகள் தெரிந்தன. பக்கத்தில் ஒருவன் நின்றான். உள்ளே வந்துவிட்டான்!

முகுந்த்தின் கையிலிருந்த இரும்புத் தண்ணீர்ப் போத்தலைப் பறித்து அவன் முகத்தில் ஓங்கி அடித்தார். மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. அலறிக்கொண்டு மடங்கியவனின் தோளிலும் முழங்கையிலும் மாறி மாறி அடித்தார். கட்டில் சட்டத்தில் தலை மோதி அவன் தரையில் சுருண்டான். சுவரில் இரத்தம் தெறித்திருந்தது.

"Stop!" என்று யாரோ கத்தினார்கள். வழிகாட்டி நெம்புகோலை ஏற்ற, கதவு நகரத் தொடங்கியது.

அவர் போத்தலை வீசிவிட்டுப் பாய்ந்து கம்பியைப் பற்றினார். சுவரில் காலை உதைத்து, முழுப் பாரத்தையும் கொடுத்துக் கதவைத் திறக்கவிடாமல் இழுத்தார். உள்ளங்கை கிழிந்தது. தோள்மூட்டு இடம் பெயர்ந்து போகும் போல் வலித்தது. விடவில்லை.

"அப்பா! நான் தர்சனா. விடுங்கோ அப்பா, அவருக்கு இரத்தம் ஓடுது!"

"விடாதை குணம்! பிடி! வாறாங்கள், பிடி!"

அந்தப் பெயரைக் கம்பிக்கு வெளியே நின்ற தர்சனா அதுவரை கேட்டதே இல்லை. வெளியே இருவர் கதவைத் தள்ளினார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்த்து நின்றார்.

தரையில் கிடந்த முகுந்த் தலையைத் தூக்கிப் பார்த்தான். வெறி பிடித்து அடித்த மனிதர் இப்போது அவனுக்கு முதுகைக் காட்டி நின்றார். தன்னை அடைத்து வைக்க அல்ல, யாரையோ உள்ளே விடாமல் காக்கத்தான் அவர் மல்லுக்கட்டுகிறார் என்பது அவனுக்கு உறைத்தது. சுவரைப் பிடித்து எழுந்தான். வாயெல்லாம் இரத்தம். அவர் பக்கத்தில் வந்து, அவர் கைக்குக் கீழே தன் கையை வைத்துக் கம்பியைப் பிடித்தான்.

"பிடிச்சுட்டேன் மாமா. நான் பிடிச்சுக்கறேன். நீங்க மூச்சு விடுங்க."

அவர் திரும்பினார். உடைந்த மூக்கும் வீங்கிய கண்ணுமாக ஒரு முகம். கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தார். பிறகு அது யாரென்று தெரிந்தது. கை தானாக நழுவியது.

"ஐயோ, தம்பி" என்று அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

போலீஸ் வந்தது. தாதி ஒருத்தி முகுந்த்தின் மூக்குக்குக் கட்டுப் போட்டாள். புகார் கொடுக்கிறாயா என்று போலீஸார் மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் இல்லை என்றான்.

திரும்பும் படகில் தர்சனா அப்பாவுக்கு எதிரே அமர்ந்தாள். கோபம் அடங்காமல் கேட்டாள்.

"ஆர் அப்பா குணம்?"

அவர் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"குணரத்தினம். என்னோடை ஜெயிலுக்கை இருந்தவன். முதல் நாள் சிங்களக் கைதியள் மற்றப் பக்கத்துப் பெடியளை அடிச்சே சாகடிச்சவங்கள். நாங்கள் சத்தம் கேட்டுக்கொண்டு இருந்தனாங்கள். பிறகு எங்கடை பக்கம் வந்தவங்கள். நானும் அவனும் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். கதவு பிளந்தது. அந்த வெடிப்புக்குள்ளாலை கத்தி வந்தது. அவன்ரை வயித்திலை."

"அப்புறம் மாமா?" என்றான் முகுந்த், துணிக்கட்டுக்குள்ளிருந்து.

"விழுகிற நேரத்திலையும் அவன் கதவிலையிருந்து கையை எடுக்கேல்லை. வந்தவங்களிலை ஒருத்தன் வெடிப்புக்குள்ளாலை தலையை விட்டான். மேசைக் காலாலை அவன்ரை மண்டையை உடைச்சனான். ஆமிப் படை வரும் வரைக்கும் அடிச்சுக்கொண்டே இருந்தனான்."

தர்சனா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிழிந்த உள்ளங்கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

முகுந்த்தின் மூக்கு நேராகவில்லை. சற்றே இடப்பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போலச் சான் ஹோசேயில் உள்ள மாமனார் வீட்டுக்கு வருகிறான், சாப்பிடுகிறான், சிரிக்கிறான். ஆனால் அவர் சட்டென்று கையை உயர்த்தினால், வெறுமனே தண்ணீர்க் குவளையை எடுப்பதற்காக என்றாலும், அவன் தோள் ஒருகணம் ஒடுங்குகிறது. அதை அவரும் பார்க்கிறார்.