வலப்பக்கத்து வெயில்

1974ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரத்தில் லாரி ஓட்டுநர் சீனியின் முகத்தில் வலப்பாதிக்கு அறுபது வயது ஆனது. இடப்பாதி இருபத்தெட்டிலேயே இருந்தது. ரப்பர் விலை இறங்கியிருந்த நேரம் என்பதால் தோட்டத்தில் இதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. காரணமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருந்த அந்தத் தோட்டத்திலிருந்து சீனி காலையில் ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு வடக்கே பிறைத் துறைமுகத்துக்குப் போவான். பிற்பகலில் காலி லாரியோடு தெற்கே திரும்புவான். போகும்போது கிழக்கு வெயில், வரும்போது மேற்கு வெயில். இரண்டும் ஓட்டுநர் பக்கத்துச் சன்னல் வழியாகத்தான் ஏறின. நெற்றி நடுவிலிருந்து மூக்கு நுனி வழியாக மோவாய் வரை நூல் பிடித்ததுபோல் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு வலப்புறம் சுருக்கம், கரும்புள்ளி, நரைத்த அரை மீசை. இடப்புறம் ஒன்றுமில்லை. அதே பாதையில் ஓடிய மற்ற ஓட்டுநர்களுக்கும் வயதானது. அவர்களுக்கு வீட்டுக் கவலையும் இருந்ததால் இரண்டு பக்கமும் சமமாக ஆனது.

முதுமை முகத்தோடு நிற்கவில்லை. சன்னலில் ஊன்றியே இருந்த வலக்கை நடுங்க ஆரம்பித்தது. வலக்காது மந்தமானது. வாயின் வலது ஓரம் சாயங்காலமே கொட்டாவி விட்டது, கஞ்சி கேட்டது, இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் குறை சொன்னது. இடது ஓரத்துக்குச் சினிமா பிடிக்கும். ஒரே பாயில் படுத்தார்கள் என்பதைத் தவிர இரண்டு பேருக்கும் ஒத்துப்போன விஷயம் குறைவு. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மஞ்சள் பூசினான், வலப்பக்கம் மஞ்சள் நிறக் கிழவனாக இருந்தது. தேங்காயெண்ணெய் தடவினான், வெயிலில் அது காய்ந்து முகத்தைப் பொரித்தது. மலாய்க்காரப் பெண்கள் அரிசி மாவில் உருட்டிக் காயவைக்கும் பெடாக் செஜுக் வில்லைகளைக் குழைத்து அப்பிக்கொண்டு போனான். தைப்பிங்கில் போலீஸ்காரர் நிறுத்தி, கோயில் திருவிழா எந்தப் பக்கம் என்று கேட்டார். சன்னலில் ஒரு துணி கட்டலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. செலவில்லாத யோசனைக்கு மரியாதை இருக்காது என்று நினைத்திருக்கலாம்.

தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த அவன் அக்கா இருளாயி இந்தத் தம்பியைக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று முடிவு செய்தாள். அவளுக்கு அப்போது வயது முப்பத்தைந்து. கண்ணை மூட அவசரம் ஒன்றுமில்லை. ஈப்போவில் சிலிபின் பகுதியில் பெண் அமைந்தது. பெயர் நவமணி. எம்போரியம் ஒன்றில் முகப்பூச்சு விற்கும் வேலை. அப்பா பெயர் பத்துமலை, நகராட்சி ஊழியர். பெண் பார்க்கப் போன அன்று இருளாயி எல்லாருக்கும் முன்னே வீட்டுக்குள் நுழைந்து, தம்பியை வலப்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். காபி வந்தபோது இடக்கையால் வாங்கினான். அது ஒன்றுதான் பத்துமலைக்கு மனத்தாங்கல். மற்றபடி லட்சணமான பையன் என்றார்.

இருளாயி எல்லாவற்றையும் யோசித்தவள். கல்யாணத்துக்குப் படம் எடுப்பவரைக்கூட இடப்பக்கத்தில் நிறுத்தினாள். மணவறையின் வலப்பக்கத்தைத் தென்னங்கீற்றால் அடைத்தாள். தாலி ஏறும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கத்தில் உட்காருவாள், ஏறிய பிறகுதான் இடப்பக்கம் மாறுவாள் என்பது மட்டும் அவள் நினைவுக்கு வரவில்லை. அத்தனை கல்யாணத்தில் முன்வரிசையில் நின்று குலவை போட்டவளுக்கு வரவில்லை. 1976 வைகாசியில் நவமணி மணவறையில் உட்கார்ந்து, தலை குனிந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தாள். பக்கத்தில் ஒரு பெரியவர் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“தாத்தா, மாப்பிள்ள எங்க?” என்றாள் மெதுவாக.

பெரியவருக்குக் காது மந்தம். இடப்பக்கத்திலிருந்து ஓர் இளம் குரல் வந்தது. “இங்கதான் இருக்கேன்லா. கொஞ்சம் பொறுத்தா இந்தப் பக்கம் வந்துருவ.”

அவள் எழுந்து போயிருக்கலாம். பத்துமலை சண்டைக்கு ஆள் திரட்டியிருப்பார், சாப்பாடும் நன்றாக இருந்ததால் ஆள் கிடைத்திருக்கும். நவமணி கோட்டை எட்டிப் பார்த்தாள். சுருக்கத்தை ஒரு விற்பனைக்காரியின் கண்ணால் அளந்தாள். ஒரே மாதத்தில் இளமை என்று மூடியில் அச்சடித்த டப்பாவை அவள் நான்கு வருடமாக விற்றுக்கொண்டிருந்தாள். அதை வாங்கியவர்கள் யாரும் நம்பியதில்லை, செய்த கம்பெனியும் நம்பியிருக்காது. பேராக் மாநிலத்திலேயே அதை மனதார நம்பியவள் அவள்தான். அரை முகம்தானே, அரை டப்பா போதும் என்று கணக்குப் போட்டாள். கழுத்தை நீட்டினாள். வலக்கை நடுங்கியதால் முடிச்சை இடக்கைதான் இழுத்துப் போட்டது.

அரை டப்பா போதவில்லை. கடையிலிருந்த பூச்சுகள் எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. ஸ்னோ பூசினாள், கிழவன் மணத்தான். வெளுக்க வைக்கும் களிம்பு பூசினாள். வெளுத்த கிழவன் ஆனான். முட்டையின் வெள்ளைக் கருவைப் பூசியபோது சுருக்கம் இழுத்துக்கொண்டது உண்மை, சிரிக்கும்வரை. வெள்ளரிக்காய் வட்டங்களை வலப்பாதி தின்றுவிட்டது. ஆனால் நவமணிக்கு உறுத்தியது சுருக்கம் அல்ல. வலப்பாதி அவளை மனைவி என்று ஒப்புக்கொள்ள மறுத்தது. மருமகளாகப் பாவித்தது. அவள் வந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு வலக்கண்ணைக் கீழே இறக்கிக்கொள்ளும். “மருமவளே, சூடா தண்ணி இருக்கா?” என்று கேட்கும். இடப்பாதி அவளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு வேண்டாமா என்று வலது ஓரம் முணுமுணுக்கும். அரைப் புருஷன், அரை மாமனார். ஒரே கட்டிலில் இரண்டு பேருக்கும் நடுவே கோட்டைப் பார்த்துப் படுத்து நவமணி நான்கு வருடம் குடும்பம் நடத்தினாள். குழந்தை இல்லை. ஊர் அதற்கும் ஒரு பூச்சு சொன்னது.

1980இல் ஈப்போவில் தோல் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனாள். அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வியக்கவில்லை. வெளுக்க வைக்கும் எதுவும் வெயிலைத் தடுக்காது என்றார். தடுக்கும் பூச்சு சிங்கப்பூரில் கிடைக்கிறது, வண்டி ஏறுவதற்கு முன்பே கனமாகப் பூச வேண்டும், வியர்த்தாலும் இரண்டு மணி நேரம் கழிந்தாலும் மறுபடி பூச வேண்டும், காதையும் கழுத்தையும் விடக்கூடாது என்றார். அதைவிட நீளக்கை சட்டை, தொப்பி, சன்னலுக்குத் திரை நல்லது என்றார். இதெல்லாம் இனி வரப்போவதைத் தடுக்கும், வந்ததைத் திருப்பாது, இருபது வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று முடித்தார்.

“திரை போட்டா காத்து வராதுலா டாக்டர்,” என்றது சீனியின் இடது ஓரம்.

“இந்தப் பையன் எப்பவுமே இப்படித்தான்,” என்றது வலது ஓரம்.

டாக்டருக்கு வியாபாரம் தெரியவில்லை என்று நவமணி பேருந்தில் வரும்போது சொன்னாள். இருந்தாலும் சிங்கப்பூர்ப் பூச்சை வரவழைத்தாள். வலப்பாதி அறுபத்தாறில் நின்றது. பூச்சுக்குப் பெரிய பேர் வந்தது, நவமணியின் கவுண்டரில் கூட்டம் நின்றது. தோட்டத்தை வேறு முதலாளி வாங்கி, ரப்பர் மரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி நட்டிருந்த எண்ணெய்ச் செம்பனை அதே மாதம் காய்ப்புக்கு வந்ததை யாரும் கவனிக்கவில்லை. சீனி இப்போது பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு காலையில் தெற்கே சுங்காய் ஆலைக்குப் போய், மாலையில் வடக்கே திரும்பினான். வெயில் ஓட்டுநர் பக்கத்தை விட்டுவிட்டு இடப்பக்கத்துக் காலி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டது. பூச்சு பாதி வேலை செய்திருக்கலாம். பேர் முழுதாக வாங்கிக்கொண்டது.

நின்றது நின்றதுதான், திரும்பவில்லை. 1982 பொங்கல் கழிந்து வலப்பாதி தன் கடமையைச் செய்தது. இடப்பாதி குட்டித் தூக்கம் போட்ட நேரம் பார்த்து, கணக்கு எழுதும் கிராணி சதாசிவத்திடம் போய், நம்ம வீட்டில் ஒரு பெண் இருக்கிறது, பட்டணத்தில் வேலை, குணமான பிள்ளை, இந்த ஊதாரிப் பயலிடம் சிக்கிச் சீரழிகிறது, நல்ல இடமாக இருந்தால் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தது. சதாசிவம் வேலை சுத்தமான மனிதர், வேறு எதுவும் விசாரிக்கமாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்லம்மாள் என்ற அம்மாள் தன் மகனோடும் பழத்தட்டோடும் சுங்காயிலிருந்து டாக்சி பிடித்து வந்து இறங்கினாள்.

“வாங்க, வாங்க,” என்றது வலது ஓரம்.

“யாரு நீங்க?” என்றது இடது ஓரம்.

நல்லம்மாள் குழம்பாமல் உட்கார்ந்தாள். “பொண்ணு அழகாத்தான் இருக்கு. வயசு என்ன ஐயா?”

நவமணி காபித் தட்டோடு நின்றாள். தாலியை வெளியே எடுத்துப் போட்டாள். “எனக்குக் கல்யாணம் ஆயிருச்சும்மா. இந்தா, இந்த ஆளுதான்.”

“எது, இந்தப் பெரியவரா?”

“அந்தப் பக்கம் போயி பாருங்க.”

நல்லம்மாள் எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம் வந்து பார்த்தாள். “பெரியவரு சொல்றதுதான் சரி. இந்தப் பையன் முழியே சரியில்ல,” என்று சொல்லிவிட்டு, பழத்தட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். டாக்சி மறைந்ததும் சீனியின் இடக்கை வலக்கன்னத்தில் ஓங்கி அறைந்தது. வலப்பாதி திருப்பி அடிக்கவில்லை. பெரிய மனிதர்கள் சின்னப் பையன்களோடு கைகலக்க மாட்டார்கள். வலக்கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்தது. “உன் நல்லதுக்குத்தான் மருமவளே சொன்னேன். நான் இன்னும் எத்தன நாளைக்கு?” என்றது.

மறுநாள் நவமணி எம்போரியத்துக்குப் போகவில்லை. விடிந்ததும் முகத்தைத் தண்ணீரில் கழுவி, எதுவும் பூசாமல், லாரியின் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். சன்னல் கண்ணாடியை அடிவரை இறக்கினாள். இருளாயி குடையோடு ஓடிவந்தாள்.

“அடியே, வெயிலு அந்தப் பக்கந்தாண்டி. முகம் போயிரும்லா.”

“அதுக்குத்தான் அண்ணி போறேன்.”

“என் தம்பியே ஒரு கோணல். நீ அதுக்கு மேல.”

“வண்டிய எடுங்க,” என்றாள் நவமணி. சீனியின் இரண்டு பாதியும் ஒன்றாகக் கேட்ட முதல் சொல் அதுதான். லாரி நகர்ந்தது.

நவமணிக்கு இலக்கு தெரியும். தோல் டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செய்தாள். தொப்பி இல்லை. கை இல்லாத சட்டை. உச்சி வெயிலில் ஆலை வாசலில் வரிசை நின்றபோதும் இறங்கவில்லை. வாங்கிவைத்திருந்த சிங்கப்பூர்ப் பூச்சை அவள் இல்லாத நேரம் இருளாயி தன் இரண்டு கன்னத்துக்கும் பூசி முடித்தாள். முதல் வருடம் நவமணியின் இடக்கன்னத்தில் புள்ளிகள் வந்தன. அடுத்த வருடம் கண்ணோரம் மடிந்தது. அப்பா பத்துமலை பார்த்துவிட்டு, படிக்கவைத்த பெண் இப்படி ஆகிவிட்டதே என்று ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்து, எட்டாம் நாள் ஆட்டுக்கறிக்கு மனம் மாறினார். எம்போரியம் அவளுடைய பழைய முகத்தின் படத்தை விளம்பரத் தட்டியில் வைத்துக்கொண்டது, பூச்சினால் வந்த அழகு என்று. 1986 ஆரம்பத்தில் அவள் நெற்றி நடுவே கோடு விழுந்தது. இடப்புறம் அறுபதைத் தாண்டிய ஒரு பெண், வலப்புறம் முப்பத்திரண்டு வயதுப் பெண். இடமுட்டி வலித்தது, இடக்காதில் சொல்வதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

சுங்காய் போகும் வழியில் பீடோரில் வீரம்மாவின் சாப்பாட்டுக் கடையில் அவர்கள் எதிரெதிரே உட்காருவார்கள். அவன் வலப்பக்கமும் அவள் இடப்பக்கமும் சாலையைப் பார்த்திருக்கும். அந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், சோறு பாதி இறங்கியபோது, சீனியின் வலக்கண் இலையை விட்டு நிமிர்ந்தது. எதிரே இருந்த இடக்கண்ணை வெகுநேரம் பார்த்தது. வாயின் வலது ஓரம் செருமிக்கொள்ளாமல் பேசியது.

“ஏ புள்ள, அந்த ஊறுகாய இந்தப் பக்கம் தள்ளு.”

நவமணி தள்ளினாள். “உப்பு கூட இருக்கு. உங்களுக்கு ஆகாது,” என்றாள் இடது ஓரத்தால்.

“நீ ஒருத்தி,” என்றது வலது ஓரம். தின்றது.

அதற்குப் பிறகு கடையில் இதுவும் வழக்கமாகிவிட்டது. சாலைப் பக்கத்திலிருந்து வந்தால் வீரம்மா, “ஐயா, அம்மா, சோத்தக் கொழைய வைக்கவா?” என்பாள். அடுப்படியிலிருந்து வந்தால், “அண்ணே, அக்காவுக்கு இன்னும் ஒரு மீன் வைக்கட்டா?” என்பாள். இரண்டுக்கும் அவர்கள் சரி என்பார்கள். மீனுக்கு விலை கூடியிருந்தது.